முள்ளுக்குள் ஒரு மலர்க் கிரீடம்

"கள்ளியையா வீட்டுக்குள் வைப்பது?" என்று மாமியார் முகம் சுளித்தால் நீங்கள் சண்டைக்குப் போக வேண்டாம். வேலியோரத்துத் திருகுகள்ளி வேறு குலம்; அமெரிக்கக் கண்டத்துக் காக்டஸ் வேறு குலம். காக்டஸின் முட்கள் பஞ்சு மெத்தை போன்ற சிறு புள்ளிகளிலிருந்து கிளம்பும். எலுமிச்சம்பழ அளவிலேயே பூக்கத் தொடங்கும் குட்டிகள் இதில் அநேகம். ஜன்னல் விளிம்பில் பத்துத் தொட்டி அடங்கிவிடும்!

மெக்ஸிகோ நாட்டு மாமிலேரியா, தலையைச் சுற்றி வட்டமாகப் பூத்துக் கிரீடம் வைத்துக்கொள்ளும். அர்ஜென்டினா, பராகுவே பக்கத்து ஜிம்னோகாலிசியமோ பட்டுப் போன்ற பெரிய பூக்களை விரிக்கும்.

"வாங்கிய வருஷம் பூத்தது, அப்புறம் பூக்கவேயில்லை" என்பது பலருடைய குறை. அநேகமாக, தினமும் பரிவோடு ஊற்றும் தண்ணீர்தான் காரணம். மாமிலேரியாவின் சொந்த ஊரில் கோடையில் மழை, குளிர்காலத்தில் வறட்சி. அந்த வறட்சியில் ஓய்வெடுத்த பிறகுதான் அது மொட்டு விடும். சென்னையிலோ ஐப்பசி, கார்த்திகையில்தான் வானம் பொத்துக்கொள்கிறது! ஆகையால் அப்போது தொட்டிகளைத் தாழ்வாரத்துக்குள் எடுத்துவிடுங்கள். மார்கழி, தை மாதங்களில் மூன்று வாரத்துக்கு ஒரு முறை நாலைந்து ஸ்பூன் தண்ணீர் போதும். செடி சற்றுச் சுருங்கினாலும் மனம் இளகிவிடாதீர்கள். மாசி பிறந்ததும் மண் நன்றாகக் காய்ந்த பிறகு ஊற்றுவதும், மறுபடி காயவிடுவதுமாக இருங்கள்.

செம்மண், பெருமணல், உடைத்த செங்கல் துண்டு மூன்றும் சமபங்கு. மண் தொட்டியே உத்தமம். அடியில் ஓட்டையில்லாத பீங்கான் கோப்பை பார்வைக்கு அழகு, வேருக்கு யமன். காலை வெயில் நாலு மணி நேரம் வேண்டும். சித்திரை மாதத்து உச்சி வெயில் மட்டும் ஆகாது. தொட்டி மாற்றும்போது பழைய செய்தித்தாளை மடித்துச் செடியின் இடுப்பில் சுற்றித் தூக்கினால் விரல் தப்பும்.

கடையில் ஜாக்கிரதை! உலர்ந்த காகிதப் பூவைப் பசை வைத்து ஒட்டி விற்பதுண்டு. பச்சைத் தண்டின் உச்சியில் சிவப்பு உருண்டை இருந்தால் அது பூவல்ல; பச்சையம் இல்லாத ஜிம்னோகாலிசியம். தனியே பிழைக்க வகையில்லாததால் வேறு காக்டஸின் மேல் ஒட்டுக் கட்டியிருக்கிறார்கள். அது நீண்ட ஆயுள் உள்ளதல்ல.

அபூர்வ ரகம் என்று ஆசை காட்டினால், விதையிலிருந்து வளர்த்ததா என்று கேளுங்கள். காட்டிலிருந்து தோண்டி விற்பதால் சில இனங்கள் அழியும் நிலையில் உள்ளன. 1975-ல் அமலுக்கு வந்த சர்வதேச ஒப்பந்தம் இவ்வியாபாரத்தைக் கட்டுப்படுத்துகிறது.

விதையை வீட்டிலேயே எடுக்கலாம். சில மாமிலேரியாக்கள் பூத்து ஓய்ந்தபின் சிறு சிவப்புப் பழம் தள்ளும். மெக்ஸிகோவில் அதற்குக் 'குட்டி மிளகாய்' என்றே பெயர். அதைப் பிதுக்கி, விதையைக் கழுவி, ஈர மணலில் தூவிக் கண்ணாடியால் மூடுங்கள். இரண்டொரு வாரத்தில் கடுகளவு பச்சை மணிகள் தலைகாட்டும். அவை பூக்க மூன்று நாலு வருஷம் ஆகலாம்.