மலை இறங்கும் சைக்கிளும் அப்பாவின் ஓவராயிலிங்கும்



"மெக்கானிக்கல் படிக்கிறவன் ராக்கெட், ரோபோ என்று எழுதாமல் சைக்கிளைப் பற்றியா எழுதுவான்?" என்று ஹாஸ்டலில் கேலி செய்தார்கள். காரணம் இருக்கிறது. முதலாண்டு விண்ணப்பத்தில் 'தந்தையின் தொழில்' என்ற இடத்தில் நான் 'வியாபாரம்' என்று எழுதினேன். உண்மையில் அப்பாவுக்கு மலையடிவாரத்தில் சைக்கிள் ரிப்பேர் கடை. எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். அப்படியும் கிரீஸ் படிந்த அந்தக் கையைச் சொல்ல எனக்குக் கூச்சம். அந்தக் கூச்சம் போன கதைதான் இது. அதற்குக் கொஞ்சம் அமெரிக்கா வரை போய்வர வேண்டும்!

ஒரே வனம், இரண்டு பாதை

அமெரிக்காவில் 'தேசிய வனம்' என்பது தேசியப் பூங்கா அல்ல. அது அந்நாட்டு வேளாண் துறையின் கீழ் 1905 முதல் இயங்கும் வனப் பணித்துறையின் பொறுப்பில் உள்ளது. மரம் வெட்டுவது, மாடு மேய்ப்பது, நடப்பது, சைக்கிள் ஓட்டுவது எல்லாவற்றுக்கும் அங்கே இடம் உண்டு.

கொலராடோ மாநிலத்தின் ஒயிட் ரிவர் தேசிய வனத்தில் ஆஸ்பென் என்ற ஊர் இருக்கிறது. அங்கிருந்து கிழக்கே போனால் இண்டிபெண்டன்ஸ் கணவாய். உயரம் சுமார் 3,690 மீட்டர். நம் தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான்! அதன் மேல் தார்ச்சாலை போகிறது. தெற்கே போனால் பேர்ல் கணவாய். அது இன்னும் உயரம், சுமார் 3,870 மீட்டர். ஆனால் அங்கே கல்லும் மண்ணும்தான் பாதை.

தார்ச்சாலைக்கு ரோடு பைக். டயர் அகலம் 25 முதல் 32 மில்லிமீட்டர் வரை. காற்றை இறுக்கமாக அடிப்பார்கள். கல் பாதைக்கு மௌண்டன் பைக். டயர் இரண்டேகால் அங்குலம் இருக்கும்; காற்று குறைவு. அதனால் டயர் கல்லின் மேல் அமுங்கி, பிடித்துக்கொண்டு ஏறும்.

கியரிலும் வித்தியாசம். நம் ஊர் சைக்கிளில் முன்னே 44 பல், பின்னே 18 பல் என்று வையுங்கள். பெடல் ஒரு சுற்று சுற்றினால் சக்கரம் ஏறக்குறைய இரண்டரைச் சுற்று. இக்கால மௌண்டன் பைக்கில் முன்னே 32, பின்னே 50 பல் வரை போட முடியும். பெடல் ஒரு சுற்றுக்குச் சக்கரம் முக்கால் சுற்றுகூட வராது. வேகம் போகும், ஆனால் பலம் வரும். மெஷின் தியரி பாடத்தில் படித்தோமே, அதேதான்.

ஏறுவது சரி, இறங்குவது?

இங்கேதான் விஷயம். மௌண்டன் பைக் பிறந்ததே இறக்கத்தில்தான் என்று சொல்லலாம். 1976-ல் பேர்ல் கணவாயின் மறுபக்கத்து ஊரான க்ரெஸ்டட் ப்யூட்டிலிருந்து சிலர் பழைய சைக்கிள்களிலேயே மலை தாண்டி ஆஸ்பெனுக்குப் போனார்கள். அதே ஆண்டு அக்டோபரில், தொலைவில் கலிஃபோர்னியாவின் ஃபேர்ஃபாக்ஸ் என்ற ஊருக்கு அருகே வேறு சில இளைஞர்கள் மலை இறங்கும் பந்தயம் ஒன்றைத் தொடங்கினார்கள். அது தேசிய வனத்துக்கு வெளியே உள்ள மலை. 1978-ல் ஜோ ப்ரீஸ், கேரி ஃபிஷர் முதலிய கலிஃபோர்னியாக்காரர்கள் கொலராடோவுக்கே வந்து பேர்ல் கணவாயைத் தாண்டினார்கள்.

அந்தப் பந்தயப் பாதை மூன்றரை கிலோமீட்டருக்குள் 400 மீட்டர் இறங்கும். ஒரு கணக்குப் போடுவோம். ஆளும் சைக்கிளும் சேர்ந்து 90 கிலோ. 90 × 9.8 × 400 = 3,52,800 ஜூல். ஒரு லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிக்க வைக்கச் சுமார் 2,94,000 ஜூல் போதும்! இதில் ஒரு பங்கைக் காற்றும் பாதையும் வாங்கிக்கொள்ளும். மீதி முழுவதும் பிரேக்கில் சூடாக வேண்டும்.

அவர்கள் ஓட்டியது பெரும்பாலும் பெடலைப் பின்னால் மிதித்தால் பிடிக்கிற பிரேக். அது பின் சக்கர ஹப்புக்குள்ளேயே இருக்கும். உள்ளே இருக்கிற கிரீஸ் புகைந்தே போய்விடும். கீழே வந்ததும் ஹப்பைப் பிரித்துப் புது கிரீஸ் அடைக்க வேண்டும். 'மறுபடி அடைத்தல்' என்று பொருள்படும் 'ரீபேக்' என்ற சொல்லே அந்தப் பந்தயத்துக்குப் பெயராகிவிட்டது.

இதை லீவில் அப்பாவிடம் சொன்னேன். அவர் ஒரு ஹப்பைக் கழற்றி, குண்டுகளை மண்ணெண்ணெயில் கழுவிக்கொண்டிருந்தார். நிமிராமலே, "அட, அது நம்ம ஓவராயிலிங்தானேடா!" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது.

எட்டாவது படிக்கும்போது மலையிலிருந்து கடை சைக்கிளில் பிரேக்கைப் பிடித்தபடியே இறங்கி, பிரேக் கட்டை தேய்ந்து, மண்மேட்டில் மோதிக் கை முறிந்தது. அப்பா அடிக்கவில்லை. ரிம்மைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "புடிச்சுக்கிட்டே வராதே. வளைவுக்கு முன்னாடி அழுத்திப் புடி, அப்புறம் விடு, காத்து படட்டும்" என்றார். வெப்பக் கடத்தல் என்ற வார்த்தை அவருக்குத் தெரியாது. விஷயம் தெரியும்.

இன்றைய மௌண்டன் பைக்கில் டிஸ்க் பிரேக் காற்றில் திறந்தே இருக்கிறது. சூடு ஹப்புக்குள் அடைபடுவதில்லை. அப்பா சொன்ன 'காத்து படட்டும்' என்பதுதான் அது.

பிரேக் காட்டையும் காக்கும்

திடீரென்று பிடித்துச் சக்கரம் நின்று இழுபட்டால் பாதையில் கோடு விழும். மழைநீர் அந்தக் கோட்டிலேயே ஓடி மண்ணை அரிக்கும். அதனால் சக்கரம் சுற்றும்படியே வேகத்தைக் குறைக்க வேண்டும். நடப்பவருக்கும் குதிரைக்கும் சைக்கிள்காரர் வழி விட வேண்டும் என்பது பாதை மரியாதை. இறங்குபவர் ஏறுபவருக்கு விட வேண்டும். ஒயிட் ரிவர் வனத்துக்குள்ளேயே மரூன் பெல்ஸ் போன்ற 'இயற்கை நிலை' பகுதிகளில் சைக்கிளுக்கே அனுமதி இல்லை. 1964-ம் ஆண்டுச் சட்டம் அங்கே இயந்திர வாகனங்களைத் தடுக்கிறது. மோட்டார் இல்லாவிட்டாலும் சைக்கிளும் இயந்திரம்தான் என்பது அவர்கள் கணக்கு. நமக்கோ பெருமை!

நண்பர்களே, சென்ற மாதம் வேலைவாய்ப்புப் பிரிவில் ஒரு படிவம் கொடுத்தார்கள். அதிலும் 'தந்தையின் தொழில்' என்று ஓர் இடம் இருந்தது. 'சைக்கிள் ரிப்பேர்' என்று எழுதிக் கொடுத்தேன். உங்கள் வீட்டிலும் பாடம் தெரியாமல் தொழில் தெரிந்த ஒருவர் இருப்பார். இந்த லீவில் அவர் பக்கத்தில் கொஞ்சம் உட்கார்ந்து பாருங்கள்.

— மூன்றாம் ஆண்டு மாணவன், இயந்திரவியல் துறை