பாட்டரிகளுக்குக் குறைவற மின்சாரம் ஏற்றும் முறை

கம்பி வழியாக வரும் மின்சாரம் எட்டாத தோட்டங்களிலும் மலையடிவாரத்துச் சாளைகளிலும் சூரிய வெளிச்சத் தகடுகளால் மின்சாரம் உண்டாக்கிப் பாட்டரிகளில் சேமித்து வைக்கும் வழக்கம் பெருகி வருகிறது. இரவில் விளக்கெரிக்கவும், யானையும் காட்டுப்பன்றியும் அண்டாதபடி மின்வேலியை நடத்தவும் இது மிகவும் உபயோகமாயிருக்கிறது. தகடுகள் 20 வருஷத்திற்கு மேலும் உழைக்கின்றன. பாட்டரிகளோ, 5 வருஷமாவது உழைக்க வேண்டியவை, 2 வருஷத்திலேயே கெட்டு விடுகின்றன என்று குடியானவர்கள் அடிக்கடி முறையிடுகிறார்கள். விற்றவர்மீது குறை சொல்லுமுன், அந்தப் பாட்டரிக்கு நாள்தோறும் வயிறார மின்சாரம் கிடைத்ததா என்று பார்ப்பது நலம். அதிக வேலையால் இறக்கும் பாட்டரிகளைவிட அரை வயிற்றுத் தீனியால் இறக்கும் பாட்டரிகளே மிகுதி.

பாட்டரிக்குள் நடப்பது என்ன?

ஈயமும் கந்தகத் திராவகமும் கொண்ட பாட்டரியை 1859ஆம் வருஷத்தில் பிரான்ஸ் தேசத்துப் பிளாந்தே என்பவர் கண்டுபிடித்தார். இன்றும் அதன் தத்துவம் அதுவே. மின்சாரத்தை நாம் எடுக்கும்போது திராவகத்திலுள்ள கந்தகச் சத்து தகடுகளில் படிந்து ஈய சல்பேட்டாகிறது. திராவகம் நீர்த்துப் போகிறது. மின்சாரம் ஏற்றும்போது அச்சத்து மீண்டும் திராவகத்தில் சேர்கிறது. முழுவதும் ஏற்றாமல் நாள்கணக்கில் விட்டு வைத்தால், தகட்டில் மிஞ்சிய சல்பேட்டு கெட்டிப்பட்டு, பிறகு எவ்வளவு ஏற்றினாலும் கரையாது. அவ்வளவு பாகம் தகடு செத்ததேயாகும்.

மோட்டார் வண்டிகளைக் கிளப்பும் பாட்டரி இவ்வேலைக்கு உதவாது. அதன் மெல்லிய தகடுகள் சில விநாடிகள் மிகுந்த மின்சாரம் கொடுப்பதற்கு ஏற்றவை. தினந்தோறும் இறங்கி ஏறும் வேலைக்குக் கனத்த தகடுகளுடைய டியூபுலர் பாட்டரிகளே தக்கவை. அவற்றையும் பாதிக்குக் கீழே இறங்க விடாமலிருப்பதே ஆயுளுக்கு நல்லது.

வரவும் செலவும்

150 ஆம்பியர்-மணி கொள்ளும் 12 வோல்ட் பாட்டரி ஒன்றை எடுத்துக்கொள்வோம். இரவில் 50 ஆம்பியர்-மணி செலவானால், நஷ்டத்தையும் சேர்த்து மறுநாள் சுமார் 60 ஆம்பியர்-மணி திரும்ப ஏற்ற வேண்டும். 100 வாட் தகடு ஒன்று நல்ல வெயிலில் ஏறக்குறைய 5 ஆம்பியர் கொடுக்கும்; நாளொன்றுக்கு 5 மணி நேரம் முழு வெயில் என்று கொண்டால் வரவு 25 ஆம்பியர்-மணிதான். நாளுக்கு 35 கடன் விழுகிறது. இரண்டாம் நாளிலேயே பாட்டரி பாதியை நெருங்கிவிடும். 300 வாட் தகடு வைத்தால் வரவு 75 ஆகும். செலவு போக மேகமூட்டமான நாட்களுக்கும் சற்று மிஞ்சும். ஏற்றும் வேகம் பாட்டரியின் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 15 ஆம்பியர் என்பதும் இதனால் நிறைவேறுகிறது.

ஏற்றுவதில் மூன்று படிகள்

முதற்படியில் தகடு கொடுக்கும் மின்சாரம் முழுவதையும் பாட்டரி வாங்கிக்கொள்ளும். வோல்ட் மெல்ல உயர்ந்து சுமார் 14.4 ஆகும். அப்பொழுது பாட்டரி ஐந்தில் நான்கு பாகமே நிறைந்திருக்கிறது. இரண்டாம் படியில் வோல்ட்டை அதே அளவில் நிறுத்தினால், ஏறும் ஆம்பியர் தானே குறைந்துகொண்டு வரும். மேற்சொன்ன பாட்டரியில் அது 2 அல்லது 3 ஆம்பியராகக் குறைந்தால் நிறைந்துவிட்டதென்று அறியலாம். இதற்குச் சில மணி நேரம் பிடிக்கும். எவ்வளவு பெரிய யந்திரம் வைத்தாலும் அவசரப்படுத்த இயலாது. மூன்றாம் படியில் சுமார் 13.5 வோல்ட்டில் தாங்கி வைத்தால் போதுமானது.

எஞ்சின் ஜெனரேட்டர் வைத்திருப்பவர்கள் அதை மாலையில் ஓட்டுவதைவிடக் காலையில் ஓட்டுவது சிக்கனம். முதற்படியை எஞ்சின் விரைவில் முடித்துவிடும். மெதுவாக நடக்கும் இரண்டாம் படியைச் சூரியன் செலவின்றி முடிக்கும்.

அமெரிக்காவில் வீடு போலவே அமைத்த மோட்டார் வண்டிகளில் ஊர் ஊராய்த் தங்கி வாழ்பவர்களும் இக்கஷ்டத்தை அனுபவிக்கிறார்கள். வண்டியின் டைனமோவிலிருந்து பின்புறத்துப் பாட்டரிக்கு நீண்ட கம்பி வழியே ஏற்றும்போது, வழியிலேயே வோல்ட் குறைந்துவிடுகிறது. நமது தோட்டங்களிலும் இதே குறை உண்டு. 4 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பியில் 5 மீட்டர் தூரத்திற்கு 15 ஆம்பியர் போய்வந்தால் 0.65 வோல்ட் வீணாகும், 14.4 ஏற வேண்டிய பாட்டரிக்கு 13.75 தான் சேரும். 16 சதுர மில்லிமீட்டர் கம்பியில் நஷ்டம் 0.16 மாத்திரமே. ஆகையால் கண்ட்ரோலரைப் பாட்டரிக்கு அருகில் அமைத்துக் கனத்த கம்பி போடுவது அவசியம்.

பரீட்சை செய்யும் விதம்

கண்ட்ரோலரிலுள்ள பச்சை விளக்கை மட்டும் நம்பலாகாது. மூடி திறக்கக்கூடிய பாட்டரிகளில் ஹைட்ரோமீட்டரால் ஒவ்வொரு அறையின் திராவகத்தையும் மாதம் ஒருமுறை பார்க்க வேண்டும். நிறைந்த நிலையில் 1.265 காட்டும் பாட்டரி, பாதி இறங்கினால் ஏறக்குறைய 1.190 காட்டும். நிறைவளவு பாட்டரிக்குப் பாட்டரி வேறுபடுமாதலால், செய்தவர்கள் கொடுத்த குறிப்பையே பின்பற்றுக. அறைகளுக்குள் 0.030க்கு மேல் வித்தியாசமிருந்தால், விளக்கு முதலியவற்றைக் கழற்றிவிட்டு, சுமார் 15.5 வோல்ட்டில் சில மணி நேரம் ஏற்றிச் சமப்படுத்தலாம். மூடி முத்திரையிட்ட பாட்டரிகளுக்கு இது கூடவே கூடாது.

கோடையில் அறை வெப்பம் 40 டிகிரியாகும்போது 14.4 வோல்ட் அதிகம். 25 டிகிரிக்கு மேற்பட்ட ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.03 வோல்ட் குறைத்தால் ஏறக்குறைய 14 வோல்ட் ஆகும். தகரக் கொட்டகையில் பாட்டரியை வைப்பது அதன் ஆயுளைக் கெடுப்பதாகும்.

எச்சரிக்கைகள்

1. குறைந்த நீருக்கு ஈடாகக் கடைகளில் டிஸ்டில்டு வாட்டர் என்று விற்கும் வடித்த நீரையே ஊற்றுக. கிணற்று நீரோ திராவகமோ ஊற்றலாகாது. தகடு மூடியிருக்குமாயின், ஏற்றி முடித்த பிறகே ஊற்ற வேண்டும்.

2. ஏற்றும்போது வெளிவரும் ஹைட்ரஜன் வாயு காற்றில் நூற்றுக்கு 4 பங்கு சேர்ந்தாலே தீப்பொறியில் வெடிக்கும். அறைக்கு மேற்புறம் காற்றுவழி இருக்கட்டும். அருகில் பீடி பற்றவைத்தல் கூடாது.

3. பழைய பாட்டரியோடு புதியதைச் சேர்த்துப் பிணைக்கலாகாது. பழையது புதியதையும் கெடுக்கும்.

4. திராவகம் சிந்தினால் சோடா உப்புக் கரைசலை ஊற்றுக. மேலில் பட்டால் உடனே ஏராளமான நீரால் கழுவுக.

லித்தியம் இரும்புப் பாஸ்பேட் பாட்டரிகள் அரைகுறையாய் ஏற்றினாலும் இவ்வாறு கெடுவதில்லை. நீர் ஊற்றும் வேலையும் இல்லை. ஆனால் விலை அதிகம். உறைபனி நிலைக்குக் கீழே குளிர்ந்திருக்கும்போது ஏற்றினால் கெட்டுவிடும்.

உழவு மாட்டிற்கு வேலைக்கேற்ற தீனி வைப்பது நமக்குப் புதிதல்ல. பாட்டரி வாங்குமுன் இரவுச் செலவை ஒரு காகிதத்தில் கணக்கிட்டு, அதற்குத் தக்க தகட்டையும் கூடவே வாங்குக. கையில் பணம் குறைவாயிருப்பின் பாட்டரியைச் சிறியதாக்கி, விளக்குகளையும் குறைத்துக்கொள்ளலாமேயன்றித் தகட்டைக் குறைத்தல் வேண்டாம். வாரத்தில் ஒரு நாளாவது பாட்டரி முழுவதும் நிறைகிறதா என்று பார்த்து வருபவர், அதன் ஆயுளை முழுமையாக அனுபவிப்பார்.