புள்ளலூர்: தூணில் இருவர், வயலில் பலர்

காஞ்சி நகரிலிருந்து வடக்கே போனால் புள்ளலூர். இங்குள்ள இரண்டு நினைவுத் தூண்கள், 1781 ஆகஸ்ட் 27 அன்று மைசூர் ஆட்சியாளர் ஹைதர் அலியோடு நடந்த போரில் மாண்ட ஆங்கில அதிகாரிகள் ஜேம்ஸ் ஹிஸ்லாப், ஜார்ஜ் பிரௌன் ஆகியோருக்கானவை.

முந்தைய ஆண்டு செப்டம்பர் 10 அன்று இங்கு நடந்த போர் இதைவிடக் கொடியது. ஹைதரும் அவர் மகன் திப்புவும் ஆங்கிலேயத் தரப்பின் கர்னல் பெய்லியின் படையைச் சுற்றி வளைத்தார்கள். இரும்புக் குழாய் ராக்கெட்டுகள் பாய்ந்தன. பெய்லியின் வெடிமருந்து வண்டிகள் வெடித்துச் சிதறின. பெய்லிக்கு உதவ வேண்டிய ஜெனரல் மன்றோவின் படை காஞ்சிப் பக்கம்தான் இருந்தது. நேரத்துக்கு வந்து சேரவில்லை!

பெய்லி படையில் பெரும்பாலோர் இந்தியச் சிப்பாய்கள். அவர்களுக்குத் தூண் இல்லை.

சிறைப்பட்ட பெய்லி 1782-இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இறந்தார். அங்கே திப்புவின் தரியா தௌலத் அரண்மனைச் சுவரில் இந்தப் போர் பெரிய ஓவியமாக இருக்கிறது. அதில் பெய்லி பல்லக்கில் அமர்ந்திருக்கிறார்.