சூட்டைச் சுமக்கும் இரும்புத் தட்டு

இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் ஒரு காரை ஏழெட்டுச் சுற்று விரட்டிவிட்டுக் கொண்டுவந்து நிறுத்தினால், மூக்கைத் துளைக்கும் ஒரு நெடி வரும். கருகிய பிசினும் காய்ந்த இரும்பும் கலந்த நெடி. சக்கரத்தின் இடுக்கு வழியே குனிந்து பார்த்தால் பிரேக் டிஸ்க் என்ற இரும்புத் தட்டில் நீலம் பாய்ந்திருக்கும். ஒரு சாண் தள்ளிக் கையை நீட்டினாலே அனல் அடிக்கும். காரின் வேகம் அத்தனையும் போய்ச் சேர்ந்த இடம் அதுதான்.

ஒரு சின்னக் கணக்கு போடலாம். 1,200 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 180 கிலோமீட்டரில் வந்து, வளைவுக்கு முன்னால் 72-க்கு இறங்குகிறது. மூன்று நான்கு நொடி வேலை. அதற்குள் கழற்றிவிட வேண்டிய ஆற்றல் சுமார் 12.6 லட்சம் ஜூல். நான்கு லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்க அது போதும். பிரேக் பிடிக்கும்போது காரின் பாரம் முன்னால் சாய்வதால், இதில் பெரும்பங்கை முன்சக்கரங்களின் இரண்டு டிஸ்க்குகளே வாங்கிக்கொள்கின்றன. டிஸ்க் ஒன்று எட்டு கிலோ என்று வைத்துக்கொண்டால், ஒரே மிதியில் ஏறக்குறைய 100 டிகிரி சூடு ஏறும். அது ஆறுவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும்.

இப்படிச் சூடு சேர்ந்துகொண்டே போய் பிரேக் பிடிமானம் இழப்பதைத்தான் ‘பிரேக் ஃபேட்’ என்கிறார்கள். அது இரண்டு விதமாக வரும். எந்த விதம் என்பதை ஓட்டுகிறவரின் கால் உடனே சொல்லிவிடும்.

பெடல் கல் மாதிரி கெட்டியாக நிற்கிறது, ஓங்கி மிதித்தாலும் கார் நிற்கவில்லை என்றால், டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பேட் தோற்றுவிட்டது. பேடில் உராய்வுப் பொருளைக் கட்டி வைத்திருப்பது ஒரு பிசின். அளவு மீறிச் சூடானால் அந்தப் பிசின் ஆவியாகி, பேடுக்கும் டிஸ்க்குக்கும் நடுவே மெல்லிய வாயுப் படலமாக நின்றுவிடும். சாலைக்கென்று செய்த பேடுகள் பந்தயத் தடத்தில் இப்படித்தான் கைவிடும்.

பெடல் பஞ்சு மாதிரி அமுங்கித் தரையைத் தொட்டால், பிரேக் ஆயில் கொதித்துவிட்டது என்று அர்த்தம். திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும். நாம் மிதிக்கும் விசையெல்லாம் ஆவிக் குமிழைச் சுருக்குவதிலேயே தீர்ந்துபோகும். நாம் சாதாரணமாக ஊற்றும் டாட் 4 வகை ஆயில், புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது தரவிதி. ஆனால் அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும் சாதி. 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்த நிலையில் அதே விதி கேட்பது 155 டிகிரிதான். சென்னையின் கடல் காற்றில் இரண்டு வருஷம் கிடந்த ஆயிலோடு தடத்தில் இறங்குவது விஷப் பரீட்சை. இதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. வண்டி ஆறியதும் ஆவி மறுபடி திரவமாகிவிடும், பெடலும் பழையபடி கெட்டியாகிவிடும். மெக்கானிக் மிதித்துப் பார்த்துவிட்டு, “பிரேக் நல்லாத்தானே சார் இருக்கு” என்பார்.

ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளிலும் நடப்பது இதேதான். பிரேக்கிலேயே காலை வைத்துக்கொண்டு இறங்கினால் அங்கே பந்தய வேகம் தேவையே இல்லை. இரண்டாவது கியரில் இறங்கச் சொல்வது, சூட்டில் ஒரு பங்கை இன்ஜின் ஏற்றுக்கொள்ளட்டும் என்பதற்காக.

டிஸ்க் பிரேக் பேர் வாங்கியதே இந்தச் சூட்டுச் சண்டையில்தான். அதற்கு முந்தைய டிரம் பிரேக்கில், மூடிய டிரம்முக்குள் மாட்டிக்கொண்ட சூட்டுக்கு வெளியேற வழி கிடையாது. டிரம் விரிய விரிய அதன் சுவர், உள்ளிருந்து அதை அழுத்தும் ஷூவை விட்டு விலகியும் போகும். 1953-இல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் ஜாகுவார் சி-டைப், டன்லப்பின் டிஸ்க் பிரேக்குகளோடு வந்தது. டிரம் பிரேக் கார்கள் வெகு தூரத்திலேயே வேகத்தைக் குறைக்க, ஜாகுவாரை ஓட்டிய ரோல்ட்டும் ஹாமில்டனும் வளைவை நெருங்கிய பிறகே மிதித்தார்கள். பந்தயத்தை வென்றவர்களும் அவர்கள்தான்.

சரி, தடத்துக்கு எந்த டிஸ்க் வாங்குவது? கடையில் முதலில் கண்ணைப் பறிப்பது துளை போட்ட டிஸ்க். வாங்காதீர்கள் என்றே சொல்வேன். ஒவ்வொரு துளையின் விளிம்பும் விரிசல் தொடங்க வாகான இடம். துளைத்து எடுத்த இரும்பு, சூட்டை வாங்கியிருக்க வேண்டிய இரும்பு. கீறல் பள்ளம் போட்ட டிஸ்க் பரவாயில்லை. பேடின் முகத்தை வழித்துத் தூசியையும் வாயுவையும் வெளியேற்றும், பதிலுக்குப் பேடைக் கொஞ்சம் வேகமாகத் தின்னும். மொழுமொழுவென்ற சாதா டிஸ்க்கே, நல்ல வார்ப்பாகவும் கனமாகவும் இருந்தால், பலருக்குப் போதும். மிச்சமாகும் பணத்துக்கு நல்ல பேடும் புது ஆயிலும் வாங்கலாம்.

நான் முதலில் பார்ப்பது எடையை. அடுத்தது இரண்டு முகங்களுக்கும் நடுவே உள்ள காற்று வழிகளை. டிஸ்க் சுழலும்போது நடுவிலிருந்து காற்றை உறிஞ்சி வெளி ஓரம் வழியாகத் தள்ளும். அதுவே ஒரு விசிறி. காற்று வழிகளைப் பிரிக்கும் தடுப்புகள் வளைவாக இருந்தால் இடதுக்கு வேறு, வலதுக்கு வேறு டிஸ்க். முன்னோக்கிச் சுழலும்போது அவை பின்னோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். மாற்றி மாட்டினாலும் பிரேக் பிடிக்கும், காற்றோட்டம்தான் குறையும். அதனால் இந்தத் தவறு யார் கண்ணிலும் படுவதில்லை.

மாட்டிய பிறகும் ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பின்னும், ஆறவிட்டு, டிஸ்க்கின் முகத்தை நகத்தால் வருடிப் பாருங்கள். தலைமுடி போன்ற மேல்கோடுகள் சூட்டின் தழும்புகள்; அவை இருக்கலாம். நகம் சிக்கினாலோ, கோடு வெளி ஓரத்தைத் தொட்டிருந்தாலோ அந்த டிஸ்க் பழைய இரும்புக்கடைக்குத்தான். டிஸ்க்கின் மீதே பொறித்திருக்கும் குறைந்தபட்சத் தடிமனுக்குக் கீழே தேய்ந்திருந்தாலும் அப்படியே.

கடைசிச் சுற்றைப் பிரேக்கைத் தொட்டும் தொடாமலும் மெதுவாக ஓட்டி, காற்றிலேயே ஆறவிட்டு உள்ளே வாருங்கள். நிறுத்தியதும் பெடலில் காலை வைத்திருக்க வேண்டாம், ஹேண்ட்பிரேக்கும் வேண்டாம்; கியரில் போட்டுவிட்டு சக்கரத்துக்கு ஒரு கட்டை முட்டுக்கொடுத்தால் போதும். கொதிக்கும் பேட் ஒரே இடத்தில் அழுந்தி நின்றால் டிஸ்க்கில் அதன் அச்சு கறுப்பாகப் பதிந்துவிடும். வீடு திரும்பும் வழியில் ஒவ்வொரு தடவை மிதிக்கும்போதும் ஸ்டியரிங் நடுங்கும். “டிஸ்க் கோணிடுச்சு” என்று லேத்துக்கு அனுப்பப்படும் டிஸ்க்குகள் பலவற்றில் இருப்பது இந்தக் கறுப்பு அச்சுதான்.