மரத்துக்கும் உண்டு வரவு-செலவு!

எண்ணூரில் இலை மேல் நிலக்கரித் தூசு. 2023-ல் வேர் மேல் எண்ணெய்

சம்பளம் வாங்கிய கையோடு வாடகை, மளிகை, பால் கணக்கு என்று பிரிப்பது நம்ம வீட்டு வழக்கம். மரமும் இதையேதான் செய்கிறது! அதன் சம்பளம் காசு அல்ல, கரி. எண்ணூர் கழிமுகத்து அலையாத்தி மரங்களின் சம்பளத்தில்தான் இப்போது கை வைக்கப்பட்டிருக்கிறது.

சம்பாதிப்பது எப்படி?

இலையில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. அதன் வழியே கரியமில வாயு உள்ளே போகிறது. வெயிலும் தண்ணீரும் சேர்ந்தால் சர்க்கரை தயார். அதில் ஏறக்குறைய பாதி, மரம் உயிர் வாழவே செலவாகிவிடும். மிச்சம்தான் இலை, தண்டு, வேர் என்று பங்கு போடப்படுகிறது. காய்ந்த கட்டையின் எடையில் சுமார் பாதி கரிதான் என்பது குறிப்பிடத்தக்கது.

யாருக்கு எவ்வளவு?

எது தட்டுப்பாடோ அதைத் தேடும் உறுப்புக்கே பெரும் பங்கு. நிழலில் முளைத்த கன்று வெளிச்சம் தேடி இலைக்கும் தண்டுக்கும் செலவழிக்கும். மண்ணில் தண்ணீரோ சத்தோ குறைந்தால் பணம் வேருக்குப் போகும். ஈரம் வற்றினால் இலைத் துளையை மரம் மூடிக்கொள்ளும். தண்ணீர் மிச்சம், ஆனால் அன்றைய கூலி போச்சு!

ராயபுரத்துத் தெரு மரத்துக்கு அடிமரம் வரை சிமெண்ட் பூசிவிட்டால், வேர் ஓட இடம் ஏது? 2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தது. ஊன்றாத வேர் காற்றைத் தாங்குமா?

சேற்றுக்குள் பூட்டு

எண்ணூரில் வளரும் வெண்கண்டலுக்கு உப்புத் தண்ணீர், காற்று இல்லாத சேறு. அதனால் சம்பாத்தியத்தில் பெரும் பங்கு வேருக்கே. சேற்றுக்கு மேலே விரல் விரலாக நீட்டிக்கொண்டிருப்பது மூச்சு வேர். சேற்றுக்குள் செத்த வேர் சீக்கிரம் மக்காது. கரி நூற்றுக்கணக்கான ஆண்டுகள் அங்கேயே பூட்டிக் கிடக்கும். பூமி சூடாவதற்குக் காரணமான வாயுவுக்கு இது பூட்டுப் பெட்டி. இறால், மீன் குஞ்சுகளுக்கோ தொட்டில்!

39 சதவீதம் வெட்டு

தென்னாப்பிரிக்காவின் ரிச்சர்ட்ஸ் பே நிலக்கரித் துறைமுகத்தில் இதே வெண்கண்டலை ஆராய்ந்தார்கள். 2004-ல் வெளியான அந்த ஆய்வின்படி, தூசு படிந்த இலை கரியமில வாயுவை வாங்குவது 17 முதல் 39 சதவீதம் வரை குறைந்தது. அடிப்பக்க ரோமத்தில் தூசு அப்பிக்கொண்டதால் அங்கே பாதிப்பு அதிகம். எண்ணூர்த் துறைமுகம் 2001-ல் தொடங்கியதே நிலக்கரி இறக்கத்தான்!

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு வந்த எண்ணெய், பக்கிங்காம் கால்வாய் வழியே கழிமுகத்தில் படிந்தது. மூச்சு வேரில் எண்ணெய் அப்பினால் அடிவேருக்குக் காற்று போகாது. வரவும் போச்சு, சேமிப்பும் ஆபத்து!

என்ன செய்யணும்?

கன்று நட்டு போட்டோ எடுத்தா மட்டும் போதுமா? நட்டது சம்பாதிக்கணுமே! நிலக்கரிக் குவியலுக்குத் தார்ப்பாய், தெரு மரத்தைச் சுற்றி கொஞ்சம் மண், கழிமுகத்தில் அலை ஏறி இறங்க வழி. மரம் கேட்பது இவ்வளவுதான்.