பவர் டில்லருக்கு மூச்சு முட்டுகிறதா? காற்று வடிகட்டியைக் கவனியுங்கள்!

‘போன பூவுல நல்லா இழுத்த வண்டி, இந்தப் பூவுல கரும்புகை தள்ளுது. டீசலும் கூடுதலா குடிக்குது. எஞ்சின் வேலை பார்க்கணுமா?’ நாஞ்சில் நாட்டில் உழவு தொடங்கும்போதெல்லாம் கேட்கிற கேள்வி இது. எஞ்சினைப் பிரிப்பதற்கு முன்பு, பத்து நிமிடம் ஒதுக்கி ஒரு பாகத்தைக் கழற்றிப் பாருங்கள். அதுதான் காற்று வடிகட்டி. மெக்கானிக் வாயில் ஏர் ஃபில்டர்.

எஞ்சின் டீசலை மட்டும் குடிப்பதில்லை, காற்றையும் குடிக்கிறது. 1 லிட்டர் டீசல் முழுமையாக எரிய, ஏறத்தாழ 10,000 லிட்டர் காற்று வேண்டும். ஒரு நாள் உழவுக்கு 8 லிட்டர் செலவானால், 80,000 லிட்டர் காற்று அந்தச் சின்னக் குழாய் வழியாக உள்ளே போகிறது. அதோடு வரும் தூசியைத் தடுக்க இருப்பது இந்த ஒரு வடிகட்டிதான்.

சகதியில் ஓடும் வண்டிக்குத் தூசி ஏது?

தொழி அடிக்கும்போது தூசி கிடையாது, உண்மைதான். ஆனால், அதே வண்டிதான் கன்னிப்பூவுக்குப் புழுதி உழவும் ஓட்டுகிறது. டிரெய்லர் மாட்டி உரமூட்டை, செங்கல், மண் சுமக்கிறது. தோவாளை, ஆரல்வாய்மொழி பக்கம் தென்மேற்குப் பருவக்காற்று கணவாய் வழியாகப் பாய்ந்து வரும். முப்பந்தல் காற்றாலைகளைச் சுழற்றும் அதே காற்றுதான் வயல் புழுதியையும் கிளப்புகிறது. மாசி, பங்குனியில் கும்பப்பூ அறுவடையின்போது வைக்கோல் தூசியும் நெல் சுணையும் சேர்ந்துகொள்ளும்.

வடிகட்டி அடைத்துக்கொண்டால் காற்று குறையும். டீசல் பாதி எரிந்து கரும்புகையாகும், இழுவை குறையும். இது சுத்தம் செய்தால் சரியாகிவிடும். வடிகட்டியில் ஓட்டை விழுந்தாலோ, சரியாகப் பொருந்தாவிட்டாலோதான் ஆபத்து. மண்ணில் உள்ள குவார்ட்ஸ் துகள், சிலிண்டர் இரும்பைவிடக் கடினமானது. அது உள்ளே போனால் லைனரையும் பிஸ்டன் ரிங்கையும் உப்புத்தாள் போல உரசித் தேய்க்கும். பிறகு எஞ்சின் ஆயில் எரிந்து நீலப்புகை வரும். காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும். அந்த நிலைக்கு வந்துவிட்டால் லைனர், பிஸ்டன், ரிங் மாற்றுவதுதான் வழி. நாற்று முற்றி நிற்கும் நேரத்தில் வண்டி பட்டறையில் கிடந்தால், செலவைவிடப் பருவம் தவறுவதுதான் பெரிய நஷ்டம்.

ஆயில் கிண்ண வடிகட்டி

பெரும்பாலான பவர் டில்லர்களில் இருப்பது இதுதான். உள்ளே வரும் காற்று, அடியில் உள்ள ஆயில் மீது மோதிச் சட்டெனத் திரும்பி மேலே போகும். கனமான தூசி ஆயிலில் சிக்கிக்கொள்ளும். மிச்சத்தை மேலே உள்ள கம்பி வலை பிடித்துக்கொள்ளும். சுத்தம் செய்யும் முறை:

1. எஞ்சினை நிறுத்தி, ஆறவிடுங்கள். வெளியே ஒட்டிய மண்ணைத் துடைத்த பிறகே கிளிப்பைத் திறக்க வேண்டும்.

2. கிண்ணத்து ஆயிலைப் பழைய டப்பாவில் ஊற்றுங்கள். வாய்க்காலிலோ வயலிலோ கொட்டக் கூடாது. அடியில் படிந்த சேற்றை வழித்தெடுங்கள்.

3. கிண்ணத்தையும் கம்பி வலையையும் டீசலில் அலசி, நன்றாக உதறிக் காயவையுங்கள். பெட்ரோல் வேண்டாம், தீப்பிடிக்கும்.

4. கையேட்டில் சொல்லியுள்ள ஆயிலை, கிண்ணத்தில் உள்ள கோடு வரை மட்டும் ஊற்றுங்கள். குறைந்தால் தூசி தப்பிவிடும். கூடினால் எஞ்சின் அந்த ஆயிலையே இழுத்து எரிக்கத் தொடங்கி, த்ராட்டிலைக் குறைத்தாலும் அடங்காமல் ஓடும்.

5. ரப்பர் வாஷர் சரியாக உட்கார்ந்திருக்கிறதா எனப் பார்த்து மூடுங்கள்.

புழுதி வேலை நாட்களில் தினமும் திறந்து பாருங்கள். ஆயில் கெட்டியாகிவிட்டாலோ, சேறு படிந்திருந்தாலோ உடனே மாற்ற வேண்டும். ஆயில் மோர் போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது என்று பொருள். வண்டி வயலில் சாய்ந்து விழுந்திருந்தால், கிண்ணத்தைப் பார்க்காமல் ஸ்டார்ட் செய்யவே கூடாது.

காகித வடிகட்டி

டிராக்டர், அறுவடை இயந்திரங்களில் பரவலாக இருப்பது இது. தண்ணீரில் கழுவக் கூடாது. தரையில் அடிக்கவும் கூடாது. உள்ளங்கையில் மெல்லத் தட்டுங்கள். காற்றடிப்பதாக இருந்தால், குறைந்த அழுத்தத்தில் உள்ளிருந்து வெளியே அடிக்க வேண்டும். வெளியிலிருந்து அடித்தால் தூசி காகிதத்துக்குள் புதைந்துவிடும். பிறகு உள்ளே ஒரு பல்பை விட்டு இருட்டில் பாருங்கள். எங்கேயாவது புள்ளியாக வெளிச்சம் பளிச்சிட்டால் ஓட்டை, தூக்கிப் போட்டுவிடுங்கள். உள்ளே இரண்டாவதாக ஒரு சிறு வடிகட்டி இருந்தால், அதைச் சுத்தம் செய்ய முயல வேண்டாம். அது மாற்றுவதற்கு மட்டுமே.

ஸ்பாஞ்ச் வடிகட்டி

குலசேகரம், அருமனை பக்கம் ரப்பர் தோட்டங்களில் களை வெட்டும் பிரஷ் கட்டர்களில் பெரும்பாலும் ஸ்பாஞ்ச்தான். மண்பாதையில் பந்தயம் ஓடும் டர்ட் பைக்குகளிலும் இதே வகைதான். அங்கே ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் கழுவிவிடுவார்கள். சோப்புத் தண்ணீரில் அமுக்கி அமுக்கிக் கழுவுங்கள். துணி போல முறுக்கிப் பிழிந்தால் கிழியும். நிழலில் முழுதாக உலர்த்துங்கள். ஆயில் தடவும் வகையாக இருந்தால் சில சொட்டு விட்டுப் பரவலாக்கி, மிச்சத்தைப் பிழிந்துவிடுங்கள். நொறுங்கத் தொடங்கிய ஸ்பாஞ்சை உடனே மாற்றுங்கள். அந்தத் துகளே எஞ்சினுக்குள் போகும்.

வாசகர்கள் அடிக்கடி கேட்பவை

*வடிகட்டியைக் கழற்றிவிட்டு ஓட்டினால் நன்றாக இழுக்கிறதே?*
அப்படியானால் வடிகட்டி அடைத்திருக்கிறது என்றுதான் பொருள். அதைச் சுத்தம் செய்யுங்கள். இல்லாமல் மட்டும் ஓட்டாதீர்கள்.

*வடிகட்டி புதிது. ஆனாலும் எஞ்சினுக்குள் தூசி போகிறதே?*
வடிகட்டிக்கும் எஞ்சினுக்கும் நடுவில் உள்ள ரப்பர் குழாயைப் பாருங்கள். வெயிலில் வெடித்திருக்கும், அல்லது கிளிப் தளர்ந்திருக்கும். குழாயின் உட்புறத்தை விரலால் தடவுங்கள். விரலில் மண் ஒட்டினால், தூசி வடிகட்டியைத் தாண்டி வருகிறது.

*வாடகை வண்டி என்றால்?*
உழவன் செயலி மூலம் வேளாண் பொறியியல் துறை இயந்திரத்தை எடுத்தாலும், தனியாரிடம் எடுத்தாலும், வேலை தொடங்கும் முன் வடிகட்டியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். மூச்சு முட்டும் வண்டி மெதுவாகத்தான் உழும். மணிக்கணக்கில் வாடகை கொடுப்பது நீங்கள்தானே!