சென்னையை உள்ளூர்க்காரர் போலச் சுற்றிப் பார்த்தல்

புதுக்கோட்டை மாவட்டத்திலிருந்து மருத்துவத்திற்கோ நேர்முகத் தேர்விற்கோ சென்னை செல்லும் பலருக்கு, வந்த வேலை முடிந்தபின் அரை நாள் மிஞ்சும். அந்நேரத்தில் ஆட்டோவில் மூலைக்கு மூலை அலைந்தால் பணமும் பொழுதும் வழியிலேயே கரைந்துவிடும். உள்ளூர்க்காரர்கள் ஒரு தடத்தைப் பிடித்துக்கொண்டு, ஒரு பகுதியை மட்டும் நடந்து பார்ப்பார்கள்.

தடம்
கடற்கரை – தாம்பரம் மின்சார ரயில் 1931 முதல் ஓடுகிறது. இத்தடம் ஏறத்தாழ வடக்கு தெற்காகச் செல்லும். கடல் கிழக்கே இருக்கும். இதை நினைவில் வைத்தால் திசை குழம்பாது. எழும்பூரில் இறங்கினால், 1851-இல் தொடங்கிய அரசு அருங்காட்சியகத்துக்கு நடந்தே போகலாம்; வெள்ளிக்கிழமை விடுமுறை. மாம்பலத்தில் இறங்கினால் ரங்கநாதன் தெரு. கிளாம்பாக்கத்தில் பேருந்தை விட்டு இறங்குவோர், மாநகரப் பேருந்தில் தாம்பரம் வந்து ரயில் ஏறலாம்.

நேரம்
மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயில் நண்பகலில் நடை சாத்தப்படும். மாலை 4 மணிக்குமேல் சென்றால் தரிசனம் முடித்து, மாட வீதிகளைச் சுற்றிவிட்டு, வெயில் தாழ்ந்தபின் கடற்கரைக்குப் போகலாம்.

கடல்
நம் மாவட்டத்துக் கோட்டைப்பட்டினம், மீமிசல் கரைகளில் பாக் நீரிணைக் கடல் பெரும்பாலும் அலையடங்கி இருக்கும். அந்தப் பழக்கத்தில் மெரினாவில் இறங்கக் கூடாது. அங்கே திறந்த வங்கக்கடல். திரும்பும் அலை காலடி மணலை அரித்து ஆளை உள்ளிழுக்கும். குளிக்கத் தடையும் உண்டு. உள்ளூர்க்காரர்கள் மணலில் உட்கார்ந்து காற்று வாங்குவார்கள். பிள்ளைகளைக் கைப்பிடியில் வைத்துக் கால் நனைப்பதோடு நிறுத்திக்கொள்வார்கள்.